வடிகோப்பியின் கதையும் நான் சொன்ன ஒரு பிழையும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. தமிழ்ப் பாடசாலையில் பத்தாம் வகுப்புக்கு இடைவேளை. பக்கத்துச் சமையலறையில் பெற்றோர்களுக்காக வைத்திருந்த கோப்பி இயந்திரம் கடைசிச் சொட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தது. வாசனை வகுப்பறைக்குள்ளும் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை கேட்டாள்:

"அண்ணா, இன்ஸ்டாகிராமிலை எல்லாரும் ஃபில்டர் காப்பிதான் தமிழற்ற அடையாளம் எண்டு போடினம். எங்கட வீட்டிலை அந்தப் பித்தளைச் சாமானே இல்லை. அம்மா இந்த மெஷினிலைதான் போடுறவ. அப்ப நாங்கள் குடிக்கிறது தமிழ்க் கோப்பி இல்லையா?"

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன் உடனே சொன்னான்: "ஃபில்டரைக் கண்டுபிடிச்சதே ஒரு ஜேர்மன்காரி. மெலிட்டா. எங்கட டீச்சர் சொன்னவ."

பின்வரிசையில் அதிகம் பேசாத ஒரு தம்பி இருக்கிறான். அவனுடைய குடும்பம் ஹட்டன் பக்கம். அவன் மெதுவாகச் சொன்னான்: "எங்க ஆளுங்க இலங்கைக்கு வந்ததே கோப்பிக்காகத்தான்னு எங்க பாட்டி சொல்லுவாங்க."

நான் சிரித்துக்கொண்டே அவனைத் திருத்தினேன். "கோப்பி இல்லையடா தம்பி, தேயிலை."

அவன் "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மணி அடித்தது. இலக்கணம் தொடங்கியது.

அன்று இரவு எனக்குச் சந்தேகம் வந்தது. தேடிப் படித்தேன். முதல் இருவரும் சொன்னது பாதி சரி. அந்தத் தம்பியின் பாட்டி சொன்னது முழுவதும் சரி. முழுப் பிழை சொன்னது ஆசிரியராக நின்ற நான்தான். மூன்று பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கொதிக்க வைப்பதா, வடிப்பதா?

முதலில் பொறியியல். வறுத்து அரைத்த கோப்பித்தூளில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் தண்ணீரில் கரையக்கூடியது. மிச்சம் மரத்தூள் போன்ற நார். கரையக்கூடிய எல்லாவற்றையும் கரைக்கவும் கூடாது. தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்தால் சுவை நன்றாக இருக்கும் என்பது கோப்பித் தொழிலில் இருப்பவர்களின் கணக்கு. அதற்குக் கீழே போனால் புளிப்பு, மேலே போனால் கசப்பு.

பழைய முறை, தூளைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்க வைப்பது. அதில் தூளும் தண்ணீரும் பிரிவதே இல்லை. ஊற்றி முடியும்வரை தூளிலிருந்து ஏதாவது கரைந்துகொண்டே இருக்கும். வடிமுறை இதை மாற்றியது. வெந்நீர் தூளின் மேல் விழுகிறது, புவியீர்ப்பில் தூளுக்கூடாக இறங்குகிறது, கீழே போனபின் திரும்பி வருவதில்லை. தண்ணீர் தூளோடு இருக்கும் நேரம் நம் கைக்குள் வந்துவிடுகிறது. தூள் எவ்வளவு நைசு, வடிகட்டியின் துளை எவ்வளவு சின்னது, தூளின் படை எவ்வளவு தடிப்பு என்ற மூன்றும் அந்த நேரத்தைத் தீர்மானிக்கும்.

இவ்வளவு எளிய விஷயத்துக்கு ஐரோப்பா நீண்ட காலம் எடுத்தது. 1700களில் பிரான்ஸில் துணிப்பையில் தூளைக் கட்டி ஊறவைத்துப் பார்த்தார்கள். 1800 வாக்கில் பாரிஸில் இரண்டு அடுக்குப் பாத்திரம் ஒன்று புழக்கத்துக்கு வந்தது. மேல் அடுக்கின் அடியில் துளைகள் இருக்கும். அதில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினால் கோப்பி கீழ் அடுக்கில் இறங்கும். பாரிஸின் பேராயராக இருந்த தெ பெல்வாவின் பெயரில்தான் அது இன்றும் அறியப்படுகிறது. படத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கும்பகோணத்துப் பித்தளை ஃபில்டரின் ஒன்றுவிட்ட அண்ணன் போல இருக்கும்.

அந்தப் பாத்திரத்தை அறிவியலாக மாற்றியவர் ரம்ஃபோர்ட் பிரபு. இயற்பெயர் பெஞ்சமின் தாம்ப்சன். 1753-இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் பிறந்தவர். அமெரிக்கப் புரட்சியில் பிரித்தானியரின் பக்கம் நின்றதால் ஊரை விட்டு வெளியேறி, கடைசியில் பவேரிய ஆட்சியாளருக்கு வேலை செய்ய மியூனிக் வந்தார். மியூனிக்கின் ஆங்கிலப் பூங்காவுக்கு நீங்கள் போயிருந்தால், அதை அமைக்கச் சொன்னவர் இவர்தான். பீரங்கிக் குழாயைத் துளைக்கும்போது எழும் சூட்டை அளந்து, வெப்பம் என்பது ஒரு பொருள் அல்ல, அசைவு என்று 1798-இல் வாதாடியவரும் இவரே.

1812-இல் அவர் கோப்பி பற்றித் தனியாக ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதன் சாரம் இதுதான்: கோப்பியைக் கொதிக்க விடாதே. கொதிக்கும்போது வீடு முழுக்க வாசனை வந்தால், அந்த வாசனை கோப்பையிலிருந்து போய்விட்டது என்று அர்த்தம். தூளைச் சமமாக அழுத்தி வை, தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் இறங்கட்டும். பாத்திரத்தைச் சுற்றி வெந்நீர் நிற்கும்படி இன்னொரு சுவர் வை, சூடு குறையாமல் இருக்கட்டும். இருநூறு வருடம் கழித்தும் இதில் மாற்றுவதற்கு அதிகம் இல்லை. தண்ணீர் 92 முதல் 96 பாகை வரை, ஒரு லீட்டருக்குச் சுமார் 60 கிராம் தூள் என்று எண்களைச் சேர்த்திருக்கிறோம், அவ்வளவுதான்.

கொட்டை எங்கிருந்து வந்தது?

எனக்குக் கிடைத்த கோப்பி வரலாறுகளில் பல, ரம்ஃபோர்டுக்குப் பிறகு நேரே 1908-க்குத் தாவுகின்றன. இடையில் ஏறத்தாழ நூறு வருடம் இருக்கிறது. அந்த நூறு வருடத்தில் ஐரோப்பாவில் கோப்பி பணக்காரர் குடிப்பது என்ற நிலை மாறி, எல்லோரும் குடிப்பதாக ஆனது. அதற்கு மலிவான கொட்டை வேண்டும். மலிவான கொட்டைக்கு மலிவான கைகள் வேண்டும். அந்தக் கைகளில் ஒரு பகுதி நம்முடையவை.

பிரித்தானியர் 1815-இல் கண்டி இராச்சியத்தைப் பிடித்தார்கள். 1820களில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1840களில் அது ஒரு வெறியாக மாறியது. அதிகாரிகளும் படை அலுவலர்களும் காட்டை வாங்கி, வெட்டி, எரித்து, கோப்பி நட்டார்கள். 1870களின் இறுதியில் சுமார் 2,75,000 ஏக்கரில் கோப்பி இருந்தது. உலகத்துக்கு அதிகக் கோப்பி அனுப்பிய இடங்களில் ஒன்று இந்தச் சின்னத் தீவு. கொட்டை கொழும்பிலிருந்து இலண்டன் சந்தைக்குப் போனது.

கோப்பி நட்டதும், பழம் பறித்ததும் பெரும்பாலும் தமிழர்கள். மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் அவர்களைக் கூட்டி வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள், சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டவர்கள், கடனிலும் பஞ்சத்திலும் மாட்டியவர்கள். வழிச்செலவுக்குக் கங்காணி கொடுத்த முன்பணமே அவர்களுடைய முதல் கடன்.

வழியைப் பாருங்கள். இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து படகில் மன்னார்க் கரைக்கு. அங்கிருந்து நடை. வன்னிக் காட்டின் ஓரமாகத் தெற்கே, தம்புள்ளை ஊடாக, மாத்தளைக்கு. சுமார் 200 கிலோமீட்டர். தண்ணீர் இல்லாத இடங்கள், காய்ச்சல், வாந்திபேதி. போய்ச் சேராமலே வழியில் இறந்தவர்கள் ஏராளம். ஆரம்ப காலத்தில் பலர் ஒரு பருவத்துக்கு மட்டும் வந்து, பழம் பறித்து முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். ஆகவே இந்தப் பாதையை ஒரு தடவை மட்டும் நடந்தால் போதாது.

பிறகு 1869-இல் இலங்கைத் தோட்டங்களில் ஒரு பூஞ்சணம் தெரிந்தது. இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் போலப் படரும். கோப்பித் துரு என்பார்கள். விஞ்ஞானப் பெயர் ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ். பெயரிலேயே 'நாசமாக்குவது' என்ற பொருள் இருக்கிறது. மலை முழுக்க ஒரே பயிர், எனவே தடுக்க எதுவும் இல்லை. 1880களின் முடிவுக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் ஏறக்குறைய அழிந்துபோனது. 1867-இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டுப் பார்த்திருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் வேண்டும். தேயிலைக்கு வருடம் முழுக்க வேண்டும். எனவே மக்கள் குடும்பத்தோடு லயன் அறைகளில் நிரந்தரமாகத் தங்கினார்கள்.

இப்போது உங்களுக்குப் புரியும். அந்தத் தம்பியின் பாட்டி சொன்னதுதான் வரலாறு. மலையகத் தமிழரை இலங்கைக்குக் கொண்டுவந்தது கோப்பி. தேயிலை பிறகு வந்தது. நான் தெரிந்த பாதியை வைத்துக்கொண்டு, முழுவதும் தெரிந்த ஒரு குடும்பத்தைத் திருத்தியிருக்கிறேன்.

ஏன் எனக்குத் தெரியாமல் போனது? நான் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஜேர்மனியில் பிறந்தவன். எங்கள் வீட்டில் 83 பற்றிப் பேசினார்கள், போரைப் பற்றிப் பேசினார்கள். 1948-இல் குடியுரிமைச் சட்டம் ஒன்றினால் சுமார் 7 இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர்கள் ஆனார்கள் என்பதை நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் முதலில் கேள்விப்பட்டேன். அதுவும் ஒரு ஜேர்மன் நண்பன் கேட்டதால். எங்கள் வீட்டுக் கதையில் அவர்கள் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் உங்களில் பலருடைய வீட்டுக் கதையிலும் அவர்கள் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

டிரெஸ்டனில் ஒரு சமையலறை

சரி, மெலிட்டாவுக்கு வருவோம். 1873-இல் டிரெஸ்டனில் பிறந்தவர் மெலிட்டா பென்ட்ஸ். அன்றைய ஜேர்மன் வீடுகளில் கோப்பி குடித்தால் கடைசி மிடறில் பல்லில் மண்டி நிற்கும். உலோகச் சல்லடையின் துளை பெரிது, தூள் தப்பி வரும். துணி வடிகட்டியைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தினால் பழைய வாடை போகாது. மெலிட்டா ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளைகள் போட்டு, பள்ளிக்கூடம் போகும் மகனுடைய கொப்பியிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து உள்ளே வைத்தார். தெளிந்த கோப்பி வந்தது. பாவித்த தாளைத் தூளோடு தூக்கி எறிந்துவிடலாம்.

1908 ஜூன் 20 அன்று பேர்லினில் இருந்த பேரரசுக் காப்புரிமை அலுவலகம் அந்த வடிகட்டியைப் பதிவு செய்தது. அதே வருடம் டிசம்பரில், ஒரு மார்க்குக்கும் குறைந்த முதலீட்டோடு, நிறுவனம் தொடங்கியது. கணவரும் பிள்ளைகளும்தான் ஊழியர்கள். அடுத்த வருடம் லைப்சிக் சந்தையில் 1,200 வடிகட்டிகள் விற்றன. முதலாம் உலகப் போரில் கணவர் படைக்குப் போனார், உலோகம் கிடைக்கவில்லை, கோப்பி இறக்குமதி நின்றது. மெலிட்டா அட்டைப் பெட்டி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1929-இல் தொழிற்சாலை மின்டன் நகரத்துக்கு வந்தது. இன்று நாம் பார்க்கும் கூம்பு வடிவமும் அதற்கேற்ற தாள் பையும் 1930களில் வந்தவை. கூம்பின் உட்சுவரில் வரிகள் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அவை அழகுக்கு இல்லை. ஈரத்தாள் சுவரோடு ஒட்டிக்கொண்டால் காற்று வெளியே போக வழி இல்லாமல் வடிவது நின்றுவிடும். அந்த வரிகள்தான் காற்றுக்கு வழி.

தாள் இன்னொரு வேலையும் செய்தது. கோப்பிக் கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்று ஒரு பொருள் உண்டு. அது இரத்தத்தில் கொலஸ்ட்ரோலைக் கூட்டும். தாள் அதைப் பிடித்துக்கொள்ளும். மெலிட்டாவுக்கு இது தெரியாது. நோர்வேயில் கொதிக்க வைத்த கோப்பி அதிகம் குடிப்பவர்களிடம் கொலஸ்ட்ரோல் கூடுதலாக இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கவனித்தது 1980களில்தான். 1954-இல் ஜேர்மனியில் கொட்லோப் விட்மன் மின்சார வடி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பெயர் விகோமாட். நம் பாடசாலைச் சமையலறையில் நிற்கும் இயந்திரம் அதன் பேரப்பிள்ளை.

மெலிட்டாவின் கதை எனக்குப் பிடிக்கும். தன் ஊழியர்களுக்கு வாரத்தில் ஐந்து நாள் வேலை, கூடுதல் விடுமுறை என்று அந்தக் காலத்திலேயே கொடுத்த நிறுவனம் அது. ஆனால் பாடசாலையில் சொல்லும் கதை இந்த இடத்தோடு நின்றுவிடும். பிறகு வந்த வருடங்களும் உண்டு. நாஜி ஆட்சி இந்த நிறுவனத்துக்கு 'தேசிய சோஷலிச முன்மாதிரி நிறுவனம்' என்ற பட்டத்தைக் கொடுத்தது. போர்க்காலத்தில் கட்டாயத் தொழிலாளர்களும் இதற்காக உழைத்தார்கள்.

அதோடு, பழைய கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். 1908-இல் டிரெஸ்டனுக்குக் கொட்டை எங்கிருந்து வந்தது? இலங்கைக் கோப்பி அதற்குள் செத்துவிட்டது. பிரேசிலும் மத்திய அமெரிக்காவும்தான் அப்போது பெரிய இடங்கள். பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1888-இல். குவாத்தமாலாவில் பல தோட்டங்கள் ஜேர்மன்காரர்களுக்குச் சொந்தம், அங்கே கட்டாயத்தின் பேரில் உழைத்தவர்கள் மாயா மக்கள். ஊரும் மொழியும் வேறு. கடன், முன்பணம், தப்பிப் போக முடியாத வேலை என்று மற்றதெல்லாம் மலையகம் மாதிரியே.

பித்தளை ஃபில்டரின் வயது

இனி முதல் கேள்வி. ஃபில்டர் காப்பி தமிழரின் அடையாளமா?

அந்தச் சாமானை முதலில் பார்ப்போம். இரண்டு உருளைகள், ஒன்றின் மேல் ஒன்று. மேல் உருளையின் அடியில் ஊசித் துளைகள். உள்ளே குடை மாதிரி ஒரு அமுக்கி. தூள் நைசாக இருக்கும், அதில் சிக்கரியும் கலந்திருக்கும். சிக்கரி ஒரு கிழங்கு வேர். வறுத்து அரைத்தால் கோப்பி போல நிறம் தரும், தண்ணீரைப் பிடித்து வைத்து வடிவதை மெதுவாக்கும். அதனால்தான் டிகாஷன் கெட்டியாக, சொட்டுச் சொட்டாக, கால்மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்து இறங்குகிறது. பிறகு கொதிக்கும் பால், சீனி, டபராவில் ஒரு ஆற்று. இந்திய விதிப்படி காப்பித்தூள் கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம்.

அந்தச் சிக்கரியும் ஐரோப்பாவின் தட்டுப்பாட்டில் பிறந்த பழக்கம். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரீட்ரிக், கோப்பிக்காகப் பணம் வெளிநாட்டுக்குப் போவதைப் பொறுக்காமல், 1781-இல் கோப்பி வறுப்பதை அரசின் தனியுரிமை ஆக்கினார். திருட்டுத்தனமாக வறுப்பவர்களை வாசனையை வைத்துப் பிடிக்க, முன்னாள் படைவீரர்களைத் தெருத்தெருவாக அனுப்பினார். மக்கள் சிக்கரிக்கு மாறினார்கள். பிறகு நெப்போலியன் காலத்து வணிகத் தடையில் பிரான்ஸும் அதே வழிக்குப் போனது. ஆக, 'அசல் தமிழ்க் காப்பி' என்று நாம் போடும் படத்தில் பாரிஸின் அடுக்குப் பாத்திரத்தின் சாயலும் பிரஷ்யாவின் வேரும் இருக்கின்றன.

அதனால் அது தமிழருடையது இல்லை என்று ஆகாது. இட்லி மாதிரி அது தமிழ்நாட்டு வாழ்க்கைக்குள் போய்விட்டது. ஆனால் எப்படிப் போனது என்பதும் தெரிய வேண்டும். வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூல் இதைச் சொல்கிறது. நூறு, நூற்றிருபது வருடத்துக்கு முன்பு காப்பியைப் பலர் அந்நியத் தீமையாகத் திட்டினார்கள். பழைய சோற்றையும் நீராகாரத்தையும் அது விரட்டிவிட்டது என்று வருந்தினார்கள். பிறகு மெல்ல மெல்லப் படித்த நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமண வீடுகளின், பெருமையாக அது மாறியது. தேநீர் உழைப்பவர்களின் குடிபானம் என்று ஆனது.

காப்பி கிளப்புகளிலும் ஹோட்டல்களிலும் சாதி இருந்தது. 'பிராமணாள்' என்று பெயர்ப்பலகையிலேயே எழுதியிருப்பார்கள். ஒடுக்கப்பட்டவர்களை உள்ளே விடாத இடங்கள் இருந்தன. சுதந்திரம் கிடைத்துப் பத்து வருடம் கழித்தும், 1957-இல், சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்து அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் திராவிடர் கழகம் தொடர்ந்து மறியல் செய்ய வேண்டியிருந்தது. காப்பிக் கொட்டையைப் பறித்தவருடைய உறவுக்காரர், காப்பி ஹோட்டலுக்குள் நுழைய முடியாமல் இருந்திருக்கிறார். ஒரே பானத்தின் இரண்டு முனைகள் இவை.

எங்கள் அம்மம்மாவிடம் பித்தளை ஃபில்டர் இருந்ததில்லை. கோப்பிக் கொட்டையை மல்லியோடும் வேர்க்கொம்போடும் வறுத்து இடிப்பார். கொதிநீரில் போட்டு மூடிவைத்து, மண்டி அடியில் இறங்கியதும் துணியில் வடித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார். அதுவும் தமிழ்க் கோப்பிதான். உன் அம்மா இயந்திரத்தில் போடுவதும் தமிழ்க் கோப்பிதான் தங்கச்சி. கவலைப்படாதே.

நெய்யரி

'பன்னாடை' என்று யாராவது திட்டிக் கேட்டிருப்பீர்கள். தென்னை, பனையின் மட்டை அடியில் துணி மாதிரி ஒரு வலை இருக்கும். அதுதான் பன்னாடை. கள்ளையும் நெய்யையும் வடிகட்ட உதவும். 'நன்னூல்' என்ற இலக்கண நூல், மாணவர்களில் கடைசி வகையைச் சொல்லும்போது நெய்யரியை, அதாவது இந்த மாதிரி வடிகட்டியை, உவமையாகச் சொல்கிறது. நெய்யரி நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அப்படிப் படிக்காதே என்பது பாடம்.

அன்று வகுப்பில் நான்தான் அந்த நெய்யரி. மெலிட்டாவின் பெயர் எனக்குத் தெரியும். கும்பகோணம் தெரியும். தண்ணீரின் வெப்பநிலைகூடத் தெரியும். மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களைக் கீழே விட்டுவிட்டேன். புலம்பெயர்ந்த நாட்டில் வளரும் நமக்கு இது எளிதாக நடக்கும். ஜேர்மன் பாடசாலை அதன் பெருமையை மட்டும் வடித்துத் தரும். இணையம் ஒரு பித்தளைச் சாமானை வடித்துத் தரும். வீடு தன் ஊரின் கதையை மட்டும் வடித்துத் தரும். மூன்றையும் சேர்த்தாலும் சிலர் வெளியே நிற்கிறார்கள்.

2023-இல், முதலில் வந்தவர்களின் 200-ஆவது ஆண்டை நினைத்து, மலையக மக்களும் அவர்களோடு நின்றவர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே பாதையில் திரும்ப நடந்தார்கள். அந்தச் செய்தி என் கைபேசியிலும் வந்திருக்கும். நான் தள்ளிவிட்டிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புத் தொடங்கியதும் கரும்பலகையில் '1823' என்று எழுதினேன். போன கிழமை நான் பிழையாகத் திருத்திவிட்டேன், பாட்டி சொன்னதுதான் சரி என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "பாட்டிக்கிட்ட சொல்றேங்கண்ணா. அவங்க இன்னும் நிறைய சொல்லுவாங்க" என்றான். பிள்ளைகள் சேர்ந்து பாட்டிக்குக் கேள்விகள் எழுதத் தொடங்கினார்கள். முதல் கேள்வியை எழுதியது ஃபில்டர் பற்றிக் கேட்ட அதே பிள்ளை: "உங்கட வீட்டிலை கோப்பி எப்பிடிப் போடுறனீங்கள்?"

நீங்களும் உங்கள் வீட்டில் மூத்தவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் ஒன்று சொல்ல, உங்களுக்கு அது பிழை என்று தோன்றினால், திருத்துவதற்கு முன்பு ஒரு இரவு பொறுத்துத் தேடிப் பாருங்கள். நான் அப்படிச் செய்திருக்க வேண்டும்.